பாரசீகமும் காலி பர்ஸும்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சியைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது கால் கெஞ்சும். அண்ணா சாலை ஓரத்து டீக்கடையில் நின்றோம், நானும் அக்கா மகளும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்: "மாமா, 'முகமது பின் துக்ளக்' பார்த்தேன். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குற இடத்துல பாட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு எதுக்குச் சிரிக்கணும்னே தெரியல. பின்கதையைச் சொல்லாம கிண்டல் மட்டும் பண்ணா அது சரியா?"

அன்று அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நாடகக்காரர் சோ ராமசாமி அந்தக் கதையை முதலில் நாடகமாகப் போட்டது 1968இல். படமாக வந்தது 1971 மார்ச்சில், தேர்தல் நடந்த அதே மாதம். 14ஆம் நூற்றாண்டு சுல்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் பிரதமராகிறான். இந்தி மொழியா, ஆங்கிலமா என்ற சண்டைக்கு இரண்டும் வேண்டாம், பாரசீகம் என்று தீர்ப்புச் சொல்கிறான். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறான்.

1968இல் சபாவில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்ததையும் துப்பாக்கிச் சூட்டையும் கண்டவர். 1967இல் காங்கிரஸ் ஆட்சி போய் தி.மு.க. வந்ததைக் கண்டவர். அதே ஆண்டு ஹரியாணாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறிய செய்தியைப் பேப்பரில் படித்தவர். 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதும் என்று இருமொழித் தீர்மானம் போட்டது. அதன் சூடுகூட ஆறியிருக்காது. அவருக்கு எந்தப் பின்கதையை யார் சொல்ல வேண்டும்? எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. சோ ஒரு வார்த்தை போட்டால் போதும், மிச்சத்தை அவரே நிரப்பிக்கொள்வார். அப்படி நிரப்பிக்கொள்கிற அந்த நொடியில்தான் சிரிப்பு வருகிறது. மேடையே எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டால் அது பாடமாகிவிடும்.

இது சினிமா கொண்டுவந்த வழக்கமும் அல்ல. தெருக்கூத்தில் பாரதக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் ஊர்த் தலைவரை ஒரு இடி இடித்துவிட்டுப் போவான். எந்தத் தலைவர், என்ன செய்தார் என்று அவன் விளக்குவதில்லை. ஊருக்குத் தெரியும்.

"அப்போ தெரியாதவங்க கதி?" என்றாள்.

நான் அவளிடம் அரங்கநாதன் சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்டேன். தி.நகரிலிருந்து மேற்கு மாம்பலம் போகிறவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி மூடினால் செய்தியில் அடிபடும் இடம். அந்த அரங்கநாதன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. விருகம்பாக்கத்துக்காரர். 1965 ஜனவரி 26 அன்று கோடம்பாக்கம் சிவலிங்கம் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்து உயிர் விட்டார். மறுநாள் அரங்கநாதன். நாங்கள் நின்றிருந்த கடையிலிருந்து கோடம்பாக்கமும் விருகம்பாக்கமும் எட்டிவிடும் தூரம்தான்.

பாரசீக ஜோக்கில் இந்த இருவரும் இல்லை. மொழிச் சண்டை மொத்தமும் அரசியல்வாதிகள் கிளப்பிவிட்ட கூத்து என்பதுபோல அந்த ஜோக் பேசுகிறது. 1968இல் கேட்டவர் சிரித்துக்கொண்டே மனசுக்குள் மறுத்திருக்க முடியும். அவருக்கு அந்த இரண்டு பேரும் தெரியும். இன்று பார்க்கிற என் அக்கா மகளால் மறுக்க முடியாது. அவளுக்குக் கிடைப்பது ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஒரு பக்கம் என்றே தெரியாமல்.

அதற்காக சோ முழுக்கதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நையாண்டி ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். சாயாத நையாண்டியை நான் பார்த்ததில்லை. இடஒதுக்கீட்டை எதிர்த்து வந்த 'ஒரே ஒரு கிராமத்திலே' நகைச்சுவைப் படம் அல்ல. ஆனால் அதன் மீதும் இதே புகார்தான், ஒருதலைப்பட்சம் என்று. சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழையே ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மற்றவர்களுக்குப் பிடிக்காத கருத்தையும் சொல்ல உரிமை உண்டு, கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காக வாயை அடைக்க முடியாது என்றது. அந்தப் படத்தின் கருத்து எனக்கு ஏற்பில்லை. தீர்ப்பு ஏற்புதான்.

ஆனால் ஜோக் முடிந்து தகவல் தொடங்குகிற இடத்தில் நான் கோடு போடுவேன். அதற்கு 'மெர்சல்' நல்ல உதாரணம், ஏனென்றால் ஒரே படத்தில் இரண்டும் இருக்கிறது.

2017 தீபாவளிக்கு வந்த படம். அதில் வடிவேலு வெளிநாட்டில் திருடனிடம் மாட்டிக்கொள்வார். பர்ஸைத் திறந்தால் காலி. டிஜிட்டல் இந்தியா புண்ணியத்தில் கையில் காசே இல்லை என்பது ஜோக். முந்தைய நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி செல்லாமல் போன நோட்டுகள், ஏ.டி.எம். வாசலில் கால் கடுக்க நின்ற வரிசை, இவை ஒவ்வொருவர் உடம்பிலும் இருந்தன. அந்தக் காட்சி யாருக்கும் எந்த விளக்கமும் கடன்பட்டிருக்கவில்லை.

அதே படத்தின் பிற்பகுதியில் விஜய் பேசுவது வேறு ரகம். 7 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கும் சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம், 28 சதவீதம் வரை வாங்கும் நம்மால் ஏன் முடியவில்லை, மருந்துக்கு வரி உண்டு, குடும்பத்தைக் கெடுக்கும் சாராயத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்கிறார். தியேட்டர் அதிர்ந்தது. இது ஜோக் அல்ல, தகவல். தகவல் என்று வந்துவிட்டால் சரிபார்க்கலாம். அப்போது சிங்கப்பூரில் வரி 7 சதவீதம் என்பது உண்மை. மருத்துவம் இலவசம் என்பது உண்மை இல்லை. அங்கே சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடித்து மெடிசேவ் கணக்கில் சேர்க்கிறார்கள், அரசு மானியம் போக நோயாளியும் தன் பங்கைக் கட்டுகிறார். சாராயத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் அதன் மீது மாநில அரசு தனியாக வாட் வரியும் ஆயத்தீர்வையும் போடுகிறது. டாஸ்மாக் பணம் கஜானாவுக்கு எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியும். ஏழைக்கு நல்ல மருத்துவம் வேண்டும் என்ற படத்தின் கோபம் நியாயமானது. இந்த எண்களைச் சரியாகச் சொல்லியிருந்தாலும் அந்தக் கோபம் ஒரு துளி குறைந்திருக்காது. அதனால்தான் எனக்கு வருத்தம்.

அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் காட்சிகளை நீக்கச் சொன்னார். அது என்ன ஆயிற்று? படம் பார்க்காதவர் செல்போனுக்கும் அந்தக் காட்சி போய்ச் சேர்ந்தது. படத்துக்குத் தடை கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாட் என்றால் என்ன, மெடிசேவ் என்றால் என்ன என்று மக்களிடம் பொறுமையாகப் பேசுவதற்கு அருமையான நேரம் அது. நீக்கச் சொன்ன சத்தத்தில் அந்தப் பேச்சு எடுபடாமல் போனது.

இப்போது முழுப்படம் யார் பார்க்கிறார்கள்? 'அமைதிப்படை' 1994இல் வந்தது. அதன் அரை நிமிடத் துண்டு ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்க்கட்சிக்காரர் மேல் எறியப்படுகிறது. மணிவண்ணன் இரண்டரை மணி நேரம் காட்டினார், ஒரு சாதாரண ஆள் எப்படிப் படிப்படியாக மோசமான அரசியல்வாதி ஆகிறான் என்று. வெட்டுகிறவர் அந்தப் படிகளைத் தூக்கிவிட்டு வசனத்தை மட்டும் அனுப்புகிறார். சூழலைச் சொல்லும் கடன், படம் எடுத்தவரைவிட வெட்டி அனுப்புகிறவருக்கும், பழைய படத்தை இளையவர்களுக்குப் போட்டுக் காட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கும்தான் அதிகம் என்பது என் கட்சி.

"பாட்டிகிட்டயே கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டேன் மாமா. சிரிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம், அந்த வருஷம் பள்ளிக்கூடமே நடக்கலடின்னு ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள எனக்கு போன் வந்துடுச்சு."

கிளாஸை வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தோம். இன்றைக்கு ராத்திரி போய் அதைக் கேட்டு முடி என்று மட்டும் சொன்னேன்.