மனத்தில் இருக்கும் காணி

காணியை இழந்தபின் நித்திரை வராதிருப்பது பலவீனமல்ல. மனித மனத்துக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு இன்று பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. 1984இல் றொஜர் உல்ரிச் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்குப்பின் யன்னலூடாக மரங்களைக் கண்ட 23 நோயாளர், செங்கற் சுவரை மட்டும் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர்.

மரமே பறிபோனவர் என்ன செய்வது? எமது அலுவிகாரைக் கற்குகைகள் வழிகாட்டுகின்றன. போரும் பஞ்சமும் சூழ்ந்த கி.மு. முதலாம் நூற்றாண்டில், மனனமாய்க் காத்த திரிபிடகத்தைப் பிக்குகள் இங்கேதான் ஏட்டில் எழுதிவைத்தனர். நீங்களும் உங்கள் காணியின் விதைகளையும் மழைக்குறிகளையும் பிள்ளைகளைக் கொண்டு கொப்பியில் எழுதுவியுங்கள். குடிசை வாசலில் ஒரு முருங்கைத் தடி ஊன்றுங்கள். அது காணிக்கு ஈடாகாது. காணியைக் கேட்கும் தெம்பைத் தரும்.