விமானப் பயன்முறை

விமானப் பயன்முறை என்பது கைபேசி, கைக்கணினி, மடிக்கணினி போன்ற கருவிகள் வானொலி அலைகளை வெளிவிடாதபடி ஒரே தொடுதலில் நிறுத்திவைக்கும் வசதியாகும். பேச்சுவழக்கில் ஃபிளைட் மோடு என்றும் ஏரோபிளேன் மோடு என்றும் அழைக்கப்படுகிறது. இது இயங்கும்போது கைபேசித் திரையின் மேற்பகுதியில் சிறிய விமானக் குறி தெரியும். விமானம் புறப்படும் முன் பணியாளர்கள் பயணிகளிடம் இதை இயக்கும்படி அறிவிப்பார்கள். இந்த அறிவிப்புக்குக் காரணம் என்ன, இதைப் பின்பற்றாவிட்டால் உண்மையில் என்ன நேரும் என்பவை பலருக்கும் எழும் ஐயங்கள்.

இயக்கும்போது நடப்பது

கைபேசிக்குள் பல சிறு அலைபரப்பிகள் உள்ளன. கோபுரத்துடன் பேசுவதற்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக இவை செயல்படுகின்றன. விமானப் பயன்முறையை இயக்கியவுடன் கோபுரத்துடனான தொடர்பு முழுமையாகத் துண்டிக்கப்படும். அழைப்பு, குறுஞ்செய்தி, மொபைல் இணையம் ஆகியவை நின்றுவிடும். வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலான கருவிகளில் அணைந்துவிடும். ஆனால் பயணி விரும்பினால் அவற்றை மட்டும் தனியே மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். சில கருவிகளில், முன்பே இணைக்கப்பட்ட புளூடூத் காதணி துண்டிக்கப்படாமல் தொடரும்.

ஜி.பி.எஸ். ஏற்பி பல கைபேசிகளில் தொடர்ந்து வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளைப் பெறுகிறதே தவிர, எதையும் அனுப்புவதில்லை. கேமரா, அலாரம், சேமித்து வைத்த பாடல்கள், படங்கள், மின்னூல்கள் ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை.

தடையின் தொடக்கம்

கைபேசி பிறப்பதற்கு முன்பே விமானத்தில் மின்னணுக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதற்குக் காரணமாக இருந்தது எப்.எம். வானொலிப் பெட்டி. வானொலிப் பெட்டி அலைகளை வாங்கும் கருவிதானே, அது எப்படி இடையூறு செய்யும் என்று தோன்றலாம். நிலையத்தின் அலையைப் பிரித்தெடுக்க, வானொலிப் பெட்டி தனக்குள்ளேயே ஓர் அலையை உருவாக்கிக்கொள்கிறது. அதன் அதிர்வெண் வழக்கமாக நிலையத்தின் அதிர்வெண்ணைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். 98.3 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்கும்போது பெட்டிக்குள் 109.0 மெகாஹெர்ட்ஸ் அலை உருவாகிறது. அதில் ஒரு சிறு பகுதி வெளியே கசிகிறது.

விமானங்களுக்குத் திசை காட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. கசியும் அலை சரியாக அந்தப் பகுதியில் விழுகிறது. எனவே 1961-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை பயண நேரத்தில் எப்.எம். வானொலிப் பெட்டிகளைத் தடை செய்தது. 1966-இல் இந்தத் தடை பிற மின்னணுக் கருவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. காதுகேட்புக் கருவி, இதயமுடுக்கி, மின் சவரக்கருவி, குரல் பதிவுக் கருவி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற எந்தக் கருவியையும், அதனால் இடையூறு இல்லை என்று விமான நிறுவனம் உறுதிசெய்தால் அனுமதிக்கலாம். இன்றுவரை அமெரிக்க விதியின் அடிப்படை இதுதான்.

விமானம் நம்பியிருக்கும் அலைகள்

விமானம் வெளியுலகத்தை அறிவது பெரும்பாலும் வானொலி அலைகள் வழியாகத்தான். விமானியும் தரைக்கட்டுப்பாட்டு நிலையமும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் பேசிக்கொள்கின்றனர். ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் தரையிறங்கு வழிகாட்டி அலை 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உள்ளது. எவ்வளவு சரிவில் இறங்க வேண்டும் என்று காட்டும் அலை 330 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. ஜி.பி.எஸ். அலை 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. தரையிலிருந்து உயரத்தை அளக்கும் வானொலி உயரமானி 4.2 முதல் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது.

கைபேசிகள் இயங்கும் 800, 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற பகுதிகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? எந்த அலைபரப்பியும் தனக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்ணில் மட்டும் துல்லியமாக நின்றுவிடுவதில்லை. பிற அதிர்வெண்களிலும் மிகச் சிறிய அளவில் ஆற்றல் கசியும். கீழே விழுந்து அடிபட்ட அல்லது சரியாகப் பழுது பார்க்கப்படாத கருவியில் இந்தக் கசிவு கூடலாம். வெகுதொலைவிலிருந்து வரும் வழிகாட்டி அலைகள் விமானத்தை அடையும்போது மிகவும் வலுவிழந்திருக்கும். கைபேசியோ விமானத்தின் உணர்கொம்புகளுக்குச் சில மீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

ஒலிபெருக்கியில் கேட்கும் இரைச்சல்

இரண்டாம் தலைமுறைக் கைபேசியை வானொலிப் பெட்டி அல்லது ஒலிபெருக்கி அருகில் வைத்திருந்தவர்கள், அழைப்பு வருவதற்குச் சற்று முன் எழும் டிக்டிக் ஒலியைக் கேட்டிருப்பார்கள். அந்தத் தொழில்நுட்பத்தில் கைபேசி தொடர்ச்சியாக அலை அனுப்புவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஒலிபெருக்கியின் கம்பிகள் இந்தத் துடிப்புகளை உள்வாங்கி ஒலியாக மாற்றுகின்றன. இதே இரைச்சல் விமானியின் காதொலிப்பானிலும் கேட்கக்கூடும்.

இதனால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் ஓர் உயரம், ஓர் ஓடுபாதை எண், காத்திருக்கச் சொல்லும் ஒரு சொல் ஆகியவை இரைச்சலில் தவறக்கூடாது. இரண்டாம் தலைமுறைக் கைபேசி 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் ஆற்றல் வரை அனுப்பியது. நான்காம் தலைமுறைக் கைபேசியின் வழக்கமான உச்ச அளவு 0.2 வாட்தான். எனவே இந்த இரைச்சல் இன்று குறைந்துள்ளது.

தரையிலுள்ள கோபுரங்களுக்கு வரும் சிக்கல்

கைபேசித் தடைக்கு அதிகம் பேசப்படாத மற்றொரு காரணம் உண்டு. கைபேசி வலையமைப்பு ஊர்களைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரே அதிர்வெண்ணை வெவ்வேறு வட்டாரங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. தரையில் இருக்கும் கைபேசியின் அலையைக் கட்டடங்களும் மரங்களும் மேடுகளும் தடுத்துவிடுவதால் இந்த ஏற்பாடு சாத்தியமாகிறது.

11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்தால் அடிவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். இடையில் தடுப்பு ஏதுமில்லை. எனவே அங்கிருந்து ஒரு கைபேசி அனுப்பும் அலை ஒரே நேரத்தில் எண்ணற்ற கோபுரங்களை எட்டக்கூடும். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டரைக் கடக்கும். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இதை முன்னிட்டே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1991-இல் பறக்கும் விமானங்களில் 800 மெகாஹெர்ட்ஸ் கைபேசிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இத்தடையைத் தளர்த்தும் திட்டம் 2013-இல் முன்வைக்கப்பட்டு 2020-இல் கைவிடப்பட்டது.

நடைமுறையில், அவ்வளவு உயரத்தில் கைபேசிக்குச் சரியான தொடர்பு கிடைப்பதும் அரிது. கோபுரங்களின் உணர்கொம்புகள் மக்கள் இருக்கும் தரையை நோக்கிச் சற்றே சாய்க்கப்பட்டிருக்கின்றன. தொடர்பு கிடைக்காத கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டு கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். விமானப் பயன்முறையை இயக்காமல் விட்டவரின் கைபேசியில் மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

ஆபத்து எவ்வளவு?

பயணியின் கைபேசியே விபத்துக்குக் காரணம் என்று ஐயமின்றி நிறுவுவது கடினம். கருவிகளில் தோன்றிய பிழைகளுக்குக் கைபேசியைக் காரணமாகக் கருதி விமானிகள் அறிக்கை அளித்ததுண்டு. ஆனால் அதே பிழையை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் உருவாக்குவது பெரும்பாலும் முடிவதில்லை. தற்கால விமானங்களின் கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் மின்காந்தக் கவசம் உண்டு.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போயிங் 737, 777 வகை விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த ஒருவகைக் காட்சித்திரைகள், வைஃபை சோதனையின்போது சிறிது நேரம் வெறுமையாகின. அவற்றை மாற்றும்படி 2014-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவிட்டது. சோதித்துப் பார்த்ததால்தான் இந்தக் குறை வெளிப்பட்டது.

ஒரு விமானத்தில் 180 பேர் பயணம் செய்தால், ஏறத்தாழ அத்தனை கைபேசிகளும் இருக்கும். அவை பல நிறுவனங்கள் தயாரித்தவை. புதியவை, பழையவை, பழுதானவை எல்லாம் கலந்தவை. ஒவ்வொன்றையும் சோதிப்பது இயலாது. அனைத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவது எளிது. விமானப் பயன்முறை விதியின் ஏரணம் இவ்வளவுதான்.

விதிகள் தளர்ந்த விதம்

முன்பு புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லாக் கருவிகளையும் முழுமையாக அணைக்க வேண்டியிருந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கா, விமானப் பயன்முறையில் உள்ள சிறு கருவிகளைப் பயணம் முழுவதும் பயன்படுத்த வழிவகுத்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவும் இதைப் பின்பற்றியது. 2014 செப்டம்பரில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை ஒரு படி மேலே சென்றது. தன் விமானங்களைச் சோதித்து உறுதிசெய்த நிறுவனம், விமானப் பயன்முறை இல்லாமலேயே கருவிகளைப் பயன்படுத்த அனுமதிக்கலாம் என்றது.

இந்தியாவில் 2014 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விமானப் பயன்முறையில் உள்ள கருவிகளைப் பயணத்தின் எல்லாக் கட்டங்களிலும் பயன்படுத்த அனுமதி அளித்தது. 2018 டிசம்பரில் வெளியான விதிகள் விமானத்துக்குள் தொலைபேசி, இணைய சேவைகளுக்கு வழி திறந்தன. 2020 மார்ச்சில், தலைமை விமானியின் அனுமதியுடன் விமானத்துக்குள் வைஃபை வழங்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. அப்போதும் கருவி விமானப் பயன்முறையில்தான் இருக்க வேண்டும்.

விமானத்துக்குள் கைபேசிச் சேவையும் கட்டணமும்

சில பன்னாட்டு விமானங்களில் பயணிகள் பறக்கும்போதே கைபேசியில் பேச முடிகிறது. எமிரேட்சு நிறுவனம் 2008 மார்ச்சில் இச்சேவையைத் தொடங்கியது. விமானத்துக்குள்ளேயே மிகச் சிறிய கைபேசிக் கோபுரம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது பயணிகளின் அழைப்புகளைச் செயற்கைக்கோள் வழியாகத் தரைக்கு அனுப்பும். கோபுரம் மிக அருகில் இருப்பதால் கைபேசி மிகக் குறைந்த ஆற்றலில், ஏறத்தாழ 1 மில்லிவாட் அளவில், பேசினால் போதும். ஐரோப்பிய விதிகளின்படி இத்தகைய சேவை 3000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் இயங்க வேண்டும். இந்திய விதிகளும் இதே உயரத்தைக் குறிப்பிட்டன.

இதில் பயணிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விமானப் பயன்முறையை இயக்க மறந்த கைபேசி, வெளிநாட்டு ரோமிங் திறந்திருந்தால், இந்தச் சிறு கோபுரத்துடன் தானாகவே இணைந்துகொள்ளலாம். உறங்கும் நேரத்தில் செயலிகள் பின்னணியில் தரவை இழுக்கும். விமான ரோமிங் கட்டணம் வழக்கமான நாட்டு ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் சேராது. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தமிழர்களும், அங்கிருந்து விடுமுறையில் ஊர் திரும்புவோரும் இதை நினைவில் கொள்வது நல்லது. விமான வைஃபை இதிலிருந்து வேறுபட்டது. விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபையை மட்டும் திறந்து, விமானத்தின் வலையமைப்பில் சேர வேண்டும். அதன் கட்டணம் முன்கூட்டியே திரையில் தெரியும்.

5ஜி கோபுரங்களும் உயரமானியும்

2022 ஜனவரியில் அமெரிக்காவுக்கான சில விமானங்களை ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்கள் ரத்து செய்தன. அங்கே 3.7 முதல் 3.98 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான 5ஜி சேவை தொடங்க இருந்தது. இது உயரமானி பயன்படுத்தும் 4.2 ஜிகாஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால் அளவீட்டில் பிழை வரலாம் என்ற அச்சம் எழுந்தது. உயரமானி கீழ்நோக்கி ஓர் அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகிறது. பனிமூட்டத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது தானியங்கித் தரையிறக்கம் இந்த அளவீட்டையே நம்பியிருக்கிறது.

இங்கே அச்சம் எழுந்தது விமான நிலையங்களை ஒட்டிய கோபுரங்களால். பயணிகளின் கைபேசிகளால் அல்ல. இந்தியாவில் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் எல்லைக்குள் இத்தகைய 5ஜி கோபுரங்களை அமைக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

மின்கலம் தொடர்பான எச்சரிக்கை

விமானப் பயன்முறை அலைகளை மட்டுமே நிறுத்தும். லித்தியம் மின்கலம் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்தை அது குறைக்காது. இருக்கை இடுக்கில் கைபேசி விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காமல் பணியாளரை அழைக்க வேண்டும். இருக்கையின் இயந்திரப் பகுதியில் சிக்கி நசுங்கும் மின்கலம் தீப்பற்றக்கூடும்.

பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக்கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 74 வாட்-மணி என்று விடை வரும். எனவே அது வரம்புக்குள் உள்ளது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

• நுழைவுச்சீட்டு, முகவரி, விடுதி விவரம் ஆகியவற்றை முன்பே கைபேசியில் சேமித்துக்கொள்ள வேண்டும்.
• விமானக் கதவு மூடப்படுவதற்கு முன் வீட்டாருடன் பேசி முடித்துவிட்டு விமானப் பயன்முறையை இயக்க வேண்டும்.
• திறன் கடிகாரம், கைக்கணினி ஆகியவற்றிலும் தனித்தனியே இயக்க வேண்டும்.
• மேற்பேழையில் வைத்த பைக்குள் இருக்கும் இரண்டாவது கைபேசியை மறக்கக்கூடாது.
• பாதுகாப்பு விளக்கத்தின்போதும், புறப்படும்போதும் இறங்கும்போதும் காதணியைக் கழற்றி வைத்தால் அறிவிப்புகள் தெளிவாகக் கேட்கும்.
• மடிக்கணினி போன்ற பெரிய கருவிகளைப் புறப்படும்போதும் இறங்கும்போதும் உள்ளே வைத்துவிட வேண்டும். திடீரென விமானம் குலுங்கினால் அவை பறந்து வந்து காயப்படுத்தும்.
• பனிமூட்டத்தில் தரையிறங்கும்போது எல்லாக் கருவிகளையும் முழுமையாக அணைக்கும்படி விமானி கேட்கலாம். அதற்கு உடனே இணங்க வேண்டும்.
• தரையிறங்கிய பின், பணியாளர் அறிவித்த பிறகே விமானப் பயன்முறையை நீக்க வேண்டும்.