பழைய வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்: செலவு எவ்வளவு, சிக்கல் எவ்வளவு?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலிருந்து விடியற்காலையில் கோயம்பேடு போகும் நம் வியாபாரிகளின் வண்டிகளைப் பார்த்தால், மாருதி ஆம்னி, மாருதி 800, சான்ட்ரோ என்று பழைய வண்டிகள் இன்னும் கணிசமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மாருதி 800 உற்பத்தி 2014-லும் ஆம்னி உற்பத்தி 2019-லும் நின்று போயின. ஆனாலும் பத்து மூட்டை ஏற்றி இறக்கவும், சந்துக்குள் நுழைந்து திரும்பவும் அவற்றுக்கு ஈடு இல்லை என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இந்த நிலையில், புதுக் கார் வாங்கிய சம்பந்தியோ மைத்துனரோ மாடியில் நின்றபடியே பட்டனை அழுத்தி, கீழே நிற்கும் வண்டியைக் கிளப்பிக் காட்டிவிடுகிறார். மறுநாளே நம் வீட்டுப் பிள்ளைகள், "அப்பா, நம்ம வண்டிக்கும் இது போடலாமே, நாலாயிரம்தான் ஆகுமாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் கிட் கிடைக்கிறது. ரிச்சி தெருவில் ரிலேயும் ஒயரும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. நாமே பொருத்திக்கொள்ளலாமா என்று விசாரிக்கும் அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு ஆம்னிகளையும் ஒரு பழைய காரையும் வருடக்கணக்கில் வைத்துப் பராமரித்த அனுபவத்தில், இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் செல்ஃப் என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். அந்தக் காலத்தில் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்க, 1912-ஆம் வருட மாடல் கேடிலாக் காரில் அது வந்தது. நம் ஊரில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அம்பாசிடர் டிக்கியில் அந்த இரும்புக் கைப்பிடி கிடந்தது. பேட்டரி இறங்கினால் அதுதான் கை கொடுக்கும். இந்தச் செல்ஃப் மோட்டாருக்கும் நம் வட்டாரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. பாடியில் பஸ் கண்டக்டர் "லூகாஸ்" என்று குரல் கொடுக்கிறாரே, அந்த லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் அதன் முக்கியத் தயாரிப்புகள். தலைமுறையாக இந்த வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பாடியிலும் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சாவியைத் திருப்பும்போது நடப்பது இதுதான். சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சொலினாய்டுக்குப் போகிறது. சொலினாய்டு இழுத்ததும், பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்கிறது. ரிமோட் கிட் செய்வதெல்லாம், சாவி செய்த வேலையை ரிலேக்களைக் கொண்டு செய்வதுதான். முதலில் இக்னிஷன் ஒயருக்கு மின்சாரம் கொடுக்கும். பிறகு ஸ்டார்ட்டர் ஒயருக்கு ஓரிரு நொடி கொடுத்து, எஞ்சின் பிடித்ததும் நிறுத்தும். எஞ்சின் பிடித்துவிட்டது என்பதை அது காயிலின் நெகட்டிவ் ஒயரில் வரும் துடிப்பை வைத்தோ, வோல்டேஜ் 12-லிருந்து 14-க்கு அருகில் ஏறுவதை வைத்தோ அறிகிறது. மலிவான சில கிட்டுகளில் இது கிடையாது. நேரத்தை வைத்து மட்டும் செல்ஃப் அடிக்கும். எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் விடாமல் அடித்தால் பினியன் பல்லைக் கடிக்கும், மோட்டார் கருகும். கிட் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இவ்வளவையும் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் செய்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

கியரில் நிற்கும் வண்டி

நம் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடும் வண்டிகள். அதிலும் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்துபோன வண்டியை நாம் எப்படி நிறுத்துகிறோம்? முதல் கியரில் போட்டு நிறுத்துகிறோம். சரிவான இடமென்றால் சக்கரத்துக்குக் கல்லும் வைக்கிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படி நிற்கும் வண்டியில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் பிடிக்கும் முன்பே வண்டி முன்னால் பாயும். செல்ஃப் மோட்டாருக்கே வண்டியை நகர்த்தும் பலம் உண்டு. தண்டவாளத்தில் நின்றுபோன வண்டியைச் செல்ஃபிலேயே நகர்த்திவிடலாம் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். எஞ்சினும் பிடித்துவிட்டால், எதிரே ஷட்டரோ சுவரோ ஆளோ வரும்வரை வண்டி போகும்.

கடை வாசலை நினைத்துப் பாருங்கள். வண்டிக்கு முன்னால் மூட்டை இறக்கும் பையன் நிற்கிறான். பள்ளி விட்டு வந்த குழந்தை பம்பரில் சாய்ந்துகொண்டு மிட்டாய் பிரிக்கிறது. மாடியில் அலமாரிச் சாவியோடு கிடக்கும் ரிமோட்டை யாரோ அழுத்துகிறார்கள். சாவி போட்டு ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும், கால் கிளட்சில் இருக்கும். ரிமோட்டில் இரண்டும் இல்லை.

இதற்குப் பரிகாரம் கிளட்ச் சுவிட்ச். கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்படி பெடலில் ஒரு சிறு சுவிட்ச். அருமையான ஏற்பாடு. ஆனால் கிளட்சை மிதிக்க வண்டிக்குள் ஆள் வேண்டும். ஆள் உள்ளே இருந்தால் ரிமோட் எதற்கு? அதனால்தான் கிட் பொருத்துகிறவர்கள் முதலில் அந்தச் சுவிட்சை இணைத்துப் போட்டுச் செயலிழக்க வைக்கிறார்கள். பாதுகாப்பைக் கழற்றிவிட்டுத்தான் வசதியைப் போட முடிகிறது என்றால், அந்த வியாபாரம் நமக்குக் கட்டுபடியாகுமா என்று யோசிக்க வேண்டும்.

நல்ல கிட்டுகளில் ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவர் வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு ரிமோட்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காலும் கிளட்சில் இல்லையென்றால் கியர் நியூட்ரலில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? அதன் பிறகு எந்தக் கதவாவது ஒருமுறை திறந்தால் போதும், ரிமோட் ஸ்டார்ட் தானாக ரத்தாகிவிடும். இதற்கு எல்லாக் கதவுகளிலும் சுவிட்ச் நன்றாக வேலை செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஆம்னியின் பக்கவாட்டுச் சறுக்குக் கதவின் சுவிட்சை நம்பி இதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. புதுக் கார்களில் கம்பெனியே தரும் வசதியில் கியர் நிலை, ஹேண்ட் பிரேக், கதவு எல்லாவற்றையும் வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நாலாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு அந்தக் கண்கள் கிடையாது.

ஆம்னியில் இன்னொரு விசேஷம். மற்றக் கார்களில் பானெட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி பானெட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைப்பார்கள். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மெக்கானிக் சீட்டைத் தூக்கிவிட்டு பெல்ட்டில் கை வைத்திருக்கும் நேரத்தில் ரிமோட் அழுந்தினால் விரல் போய்விடும். ஆகவே சுவிட்சைச் சீட்டின் அடியில் வைக்க வேண்டும். கிட்டோடு வரும் படத்தில் இது இருக்காது.

ஸ்டீயரிங் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவியே வேண்டாம், பட்டன் போதும் என்று விற்கப்படும் கிட்டைப் பொருத்தும்போது, "பூட்டு இடைஞ்சல் சார், எடுத்துடலாம்" என்பார்கள். எடுத்துவிட்டால் திருடனுக்கு வேலை பாதி குறைந்தது. கிட்டின் ரிமோட் ஒவ்வொரு முறையும் சங்கேதத்தை மாற்றாமல் ஒரே சங்கேதத்தை அனுப்பும் ரகமாக இருந்தால் அதை நகல் எடுப்பதும் சுலபம். சாவிக்குள் சிப் உள்ள வண்டிகளில், அதை ஏமாற்ற இரண்டாவது சாவியை டேஷ்போர்டுக்கு அடியில் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். கல்லாச் சாவியைக் கல்லாவிலேயே தொங்கவிடுவது போன்றதுதான் அது.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 126-வது பிரிவு. பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது ஆள் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகராதபடி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தெருவில் நிற்கும் வண்டியை மாடியிலிருந்து கிளப்பி அது நகர்ந்து யாரையாவது இடித்துவிட்டால், இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு நம்மால் வாதாட முடியாது. இன்ஷூரன்ஸ்காரர்களும் வெளியே செய்த ஒயரிங் மாற்றத்தைத்தான் முதலில் தேடுவார்கள். பொருத்துவதென்று முடிவு செய்தால் எழுத்து மூலம் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கோடவுனுக்குள்ளேயே வண்டியை விட்டு ஷட்டரை இறக்குகிறவர்கள் ரிமோட் பக்கமே போகக் கூடாது என்பேன். மூடிய இடத்தில் ஓடும் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மேலே குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும்.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதிகளில் தண்ணீர் நின்றதையும் பார்த்தோம். தண்ணீர் புகுந்த எஞ்சினில் செல்ஃப் அடித்தால் ராடு வளையும், ஏனென்றால் தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரிமியம் கட்டாதவர்களுக்கு அந்தச் செலவு பொதுவாகக் கிடைப்பதும் இல்லை. வண்டி கிளம்புகிறதா பார்ப்போம் என்று மாடியிலிருந்து ரிமோட்டை அழுத்திப் பார்க்கும் ஆசை அப்போது யாருக்கும் வரும்.

சரி, இதனால் லாபம்தான் என்ன? மைனஸ் முப்பது டிகிரி குளிர் அடிக்கும் கனடாவில் எஞ்சினையும் உள்ளிருக்கையையும் சூடாக்க இது தேவை. நம் ஊர் மார்கழிக்கு அரை நிமிடம் ஓடவிட்டு மெதுவாக எடுத்தாலே எஞ்சினுக்குப் போதும். ஏ.சி. உள்ள காரை முன்கூட்டியே குளிர்விக்கலாம், உண்மைதான். அதற்கும் கணக்குப் போடுங்கள். சும்மா ஓடும் சிறிய எஞ்சின் மணிக்கு 600 மில்லி குடிக்கிறது என்று வைத்தால், தினம் 10 நிமிடத்துக்கு 100 மில்லி. வருடத்தில் 300 நாளுக்கு 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 3,000 ரூபாய். கிட் விலையில் பெரும்பகுதி வருடா வருடம் புகையாகப் போகிறது. ஏ.சி. போட்டால் இன்னும் கூடும்.

குறைந்த செலவில் செய்யத் தக்கது

பழைய வண்டியில் உண்மையான தொல்லை, சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு நின்றுவிடுவது. பேட்டரியும் செல்ஃபும் நன்றாக இருந்தாலும் இது வரும். சாவி சுவிட்சின் தொடுமுனை தேய்ந்து, சொலினாய்டுக்குப் போதிய மின்சாரம் போவதில்லை. இதற்கு ஒரே ஒரு ரிலே போதும். ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்.

வேலை தொடங்கும் முன் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் பாடி எர்த்தையும் கவனியுங்கள். ரிலே போட்டுப் பயனில்லை. பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, அதற்கு மிக அருகிலேயே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு வாருங்கள். 87-லிருந்து சொலினாய்டின் சிறிய முனைக்கு. சாவியிலிருந்து முன்பு சொலினாய்டுக்குப் போன ஒயரை 86-க்கு மாற்றுங்கள். 85-லிருந்து பாடி எர்த்துக்கு. இந்தக் கடைசி ஒயரின் நடுவில் கிளட்ச் சுவிட்சை வைத்துவிட்டால், கிளட்சை மிதிக்காமல் யார் சாவியைத் திருப்பினாலும் வண்டி பாயாது. டிரைவர் மாறி மாறி ஓட்டும் கடைகளுக்கு இது ரிமோட்டைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

பட்டன் ஆசை விடவில்லை என்றால், சாவியை ஆன் செய்த பிறகு அழுத்தும்படி ஒரு பட்டனை 86-க்குச் சேர்த்துக்கொள்ளலாம். இக்னிஷனிலிருந்து வரும் ஒயரை அதற்குக் கொடுங்கள், பேட்டரியிலிருந்து நேராக வேண்டாம். சாவிப் பூட்டும் ஸ்டீயரிங் பூட்டும் அப்படியே இருக்கும், பிள்ளைகளுக்கும் திருப்தி.

இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். எஞ்சின் சூட்டில் பசை இளகி, மழைக்காலத்தில் ஷார்ட் ஆகும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் ரப்பர் குழாய் போடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற ஒயர்க் கட்டில் கை வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் டெஸ்ட் பல்பு போட்டு ஒயர் தேடவும் கூடாது, மீட்டர்தான்.

வேலை முடிந்ததும் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி. நகலோடு வண்டியிலேயே வையுங்கள். நடுராத்திரி செங்குன்றம் பக்கம் வண்டி நின்றுவிட்டால், வந்து பார்க்கும் எலக்ட்ரீஷியன் உங்கள் வண்டியைப் பிரித்துப் போடாமல் அரை மணியில் முடித்துக் கொடுப்பார்.