தயிர்ப் பச்சடி: குளிர்ச்சி எதிலே இருக்கிறது?

பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்தில் செம்பனைக் காட்டுக்குள் இறங்கும் பாட்டாளிக்குக் காலை பத்து மணிக்கே சட்டை பிழிந்து எடுக்கிற மாதிரி நனைந்துவிடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். மர நிழலிலும் புழுக்கம் விடாது. வீட்டுக்கு வந்ததும் கை எதைத் தேடுகிறது? ஐஸ் போட்ட சீனித் தண்ணீரைத்தான். நம் நாட்டில் பெரியவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என்று 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் ஆய்வு சொன்னது. அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆகவே தாய்மார்களே, சோற்றுத் தட்டிலேயே குளிர்ச்சி தேடிய நம் பழைய வழியான தயிர்ப் பச்சடியைக் கொஞ்சம் பார்ப்போம்.

“தயிர்னா குளிர்ச்சிதானே, எவ்வளவு ஊத்தினா என்ன?” என்று கேட்பார்கள். ஆயுர்வேதம் அப்படிச் சொல்லவில்லை. தயிர் தொட்டால் சில்லென்றிருக்கும்; உள்ளே போனால் சூட்டுக் குணம், செரிக்கவும் நேரமாகும் என்பது அந்த வைத்தியத்தின் கணக்கு. தயிரை இரவில் உண்ணாதே, சூடாக்கி உண்ணாதே என்கிறது சரக சம்ஹிதை. நெய், சர்க்கரை, பாசிப்பயற்றுச் சாறு, தேன், நெல்லி என்று ஏதாவது துணையோடுதான் உண்ணச் சொல்கிறது. அப்படியானால் பச்சடியில் குளிர்ச்சி தருவது காய். தயிர் அதற்குத் துணை. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தானே! இது தெரிந்தால் அளவு தானாக வந்துவிடும்: காய் இரண்டு பங்கு, தயிர் ஒரு பங்கு. நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். தயிர்க் குளத்தில் நாலு வெங்காயம் மிதக்கும். அதற்குப் பெயர் பச்சடி!

நாலு பேருக்கு நடுத்தர வெள்ளரிக்காய் இரண்டு போதும். பாசாரில் தீமூன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நுனியை வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் வேண்டாம். தோல் சீவி, முற்றிய விதையை வழித்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கோப்பைத் தயிரில் கால் கோப்பைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டியும் துருவிய இஞ்சி கொஞ்சமும் சேர்த்துக் காயைப் போட்டுக் கிளறுங்கள். பச்சை மிளகாய் ஒன்றுக்கு மேல் போனால் குளிர்ச்சி போச்சு! கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால், ஆறவிட்டுக் கொட்டவேண்டும். உப்பு கடைசியில், இலையில் வைக்கும் நேரத்தில். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுப் பச்சடி ரசமாகிவிடும். இரத்த அழுத்தக்காரர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். சீரகமே ருசி கொடுக்கும்.

வெள்ளைப் பூசணியிலும் செய்யலாம். அதை ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகே தயிரில் சேர்க்கவேண்டும்.

வேலைக்காட்டுக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். விடியற்காலையில் கலந்து தூக்குச் சட்டியில் கட்டினால் மத்தியானத்துக்குள் புளித்துப்போகும். வெள்ளரியை முழுசாகவும் கெட்டித் தயிரைத் தனியாகவும் கொடுத்தனுப்புங்கள்; சாப்பிடும்போது நறுக்கிக் கலந்துகொள்ளட்டும். ஒன்று சொல்லவேண்டும்: வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றிப் பேச்சுக் குழறினால் பச்சடி, மோர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

“மாடு இருந்த காலத்துல தயிர் இருந்துச்சு, இப்ப எங்கே போறது?” என்பீர்கள். நியாயம்தான். 1977-இல் பாசிர் கூடாங்கில் துறைமுகம் வேலை தொடங்கியது. பின்னால் ஆலைகளும் தாமான்களும் பெருகின. அடுக்குமாடி வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கு ஏது இடம்? சீனி சேராத முழுப் பால்மாவு ஒரு கோப்பைக்கு நாலு கோப்பைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி உறை ஊற்றுங்கள். விடிவதற்குள் தயிர்.

வல்லாரையும் பச்சடிக்கு நல்ல கீரை. மலாய்க்காரர்கள் பெகாகா என்று ஊலாமாகவே தின்கிறார்கள். ஆனால் மருந்தடித்த நிரையிலும் ஆலைக் கால்வாய் ஓரத்திலும் பறிக்காதீர்கள். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டு வாசலில் ஒரு பழைய வாளி மண்ணில் இரண்டு கொடி ஊன்றினால் வல்லாரை தானே படரும்.