முருங்கைக்கு உள்ள உரிமை தக்காளிக்கு இல்லை

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்கு வரும் காய்களில் பெரும்பகுதி லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. அதில் முருங்கைக்காயும் உண்டு, தக்காளியும் உண்டு. இரண்டுக்கும் விதை வந்த வழி வேறு வேறு.

செடிமுருங்கையில் பெயர்பெற்ற பி.கே.எம். 1 ரகம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அரசுப் பணத்தில் உருவாகி, 1989இல் வெளிவந்தது. நாலு காயை மரத்திலேயே முற்றி நெற்றாக விட்டால் அடுத்த காட்டுக்கு விதை ஆயிற்று. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தக்காளியில் இன்று நடவாவது பெரும்பாலும் கம்பெனிகளின் வீரிய ஒட்டு ரகம். விளைச்சல் கூடுகிறது, அதனால்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறிவிடும். ஒவ்வொரு பட்டத்துக்கும் புது பாக்கெட்தான்.

சட்டம் விவசாயியின் பக்கம் இருக்கிறது. பயிர் ரகங்களுக்கும் உரிமைப் பாதுகாப்பு தேவை என்று உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் வலியுறுத்தியதால் 2001இல் இந்தியா தனிச்சட்டம் இயற்றியது. பதிவான ரகமாக இருந்தாலும் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பதிவான ரகம் என்று பாக்கெட்டில் குறிக்காமல் விற்கவும் செய்யலாம் என்கிறது அதன் 39ஆம் பிரிவு. 2019இல் குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக நான்கு விவசாயிகளிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு பெப்சிகோ வழக்குப் போட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. விவசாயிகள் தரப்பு இந்தப் பிரிவைத்தான் முன்வைத்தது. மே மாதம் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது.

உருளையில் கிழங்கே விதை, அதனால் அந்த உரிமைக்கு உயிர் இருந்தது. ஒட்டுரகத் தக்காளியில் சேமிக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது, சேமிக்கத் தகுந்த விதைதான் இல்லை. உலக விதை வணிகத்தில் பாதிக்கு மேல் பேயர், கார்டேவா, சின்ஜென்டா, பி.ஏ.எஸ்.எஃப். என்னும் நான்கு நிறுவனங்களிடம் இருக்கும்போது, இது சிறிய இழப்பு அல்ல. விலை விழுந்து பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விடும் நாளில், விதைக்குக் கொடுத்த காசு திரும்பாது. நட்டம் முழுவதும் ஒருவர் தலையில் விழுவது நியாயமே இல்லை.

அதே 39ஆம் பிரிவில் இன்னொரு கதவும் இருக்கிறது. பதிவான ரகம் சொன்னபடி விளையாவிட்டால் விவசாயி இழப்பீடு கோரலாம். அதற்கு ரகத்தின் பெயர் தெரிய வேண்டும். இங்கே பலர் வாங்குவது குழித்தட்டு நாற்று, விதை பாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. நாற்றுப் பண்ணை கொடுக்கும் ரசீதில் ரகத்தின் பெயரும் விதையின் லாட் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை கண்டிப்பாகச் சொன்னாலே அந்தக் கதவு திறக்கும்.