கோள்களின் உருவமும் இயக்கமும்

பூரணமான வடிவம் கோளமே. ஆதலின் விண்பொருள்கள் கோளமாயிருத்தலே பொருத்தம் என்ற எண்ணம் பண்டைக் கிரேக்க மெய்யியலில் வேரூன்றியிருந்தது. அப்பூரணத்தை அளந்து பார்க்கும் கருவிகள் அக்காலத்தில் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அவை கிடைத்தபோது அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

1672ஆம் ஆண்டிற் பிரெஞ்சு வானியலாளர் றிஷே, மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள கயென் நகருக்குச் சென்றார். பாரிசிற் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலை இழுக்கும் விசை அங்கு குறைந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று.

1687இல் நியூற்றன் இதற்கு விளக்கமளித்தார். ஈர்ப்பு பொருளனைத்தையும் மையத்தை நோக்கி இழுத்துக் கோளமாக்க முயல்கிறது. ஆயினும் சுழலும் கோளொன்றில் மத்திய கோட்டுப் பகுதியே அதிவேகமாகச் செல்கிறது. அங்கு ஈர்ப்பின் ஒரு பகுதி, பொருளை வட்டப்பாதையில் வைத்திருப்பதிற் செலவாகிறது. அதனால் அப்பகுதி புடைக்க, முனைவுகள் தட்டையாகின்றன.

பிரான்சிற் பலர் இதனை ஏற்கவில்லை. உள்நாட்டு நில அளவைகளை ஆதாரமாகக் கொண்ட ஜாக் கசினி, புவி முனைவுத் திசையில் நீண்டுள்ளதென வாதிட்டார். நியூற்றனின் புகழோ கசினி குடும்பத்தின் செல்வாக்கோ இவ்விவாதத்தைத் தீர்க்கவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் 1735இல் ஒரு குழுவை, இன்று எக்குவடோர் எனப்படும் பகுதியை உள்ளடக்கியிருந்த அன்றைய பெருவுக்கும், 1736இல் மோப்பெர்த்துயி தலைமையில் மற்றொரு குழுவை வடதுருவ வட்டத்தை அண்டிய லாப்லாந்துக்கும் அனுப்பியது. முனைவுப் பக்கம் தட்டையாயின், அங்கு அகலக்கோட்டின் ஒரு பாகைக்குரிய நிலத்தொலைவு கூடுதலாயிருக்கும். அளவீடுகள் அவ்வாறே காட்டின.

இன்றைய கணிப்பின்படி புவியின் மத்திய கோட்டு ஆரை 6,378 கிலோமீற்றர். முனைவு ஆரை 6,357 கிலோமீற்றர். இத்தட்டைமை ஏறத்தாழ 298இல் ஒரு பங்கு. நியூற்றன் கணித்ததோ 230இல் ஒரு பங்கு. புவி எங்கும் ஒரே அடர்த்தியுடையதெனக் கொண்டே அவர் கணித்தார். மையப்பகுதி அடர்த்தி மிக்கதாதலாற் புடைப்பு அவர் கண்டதினும் குறைவாயுள்ளது. இவ்வாறு புறவுருவம் அகவமைப்பையும் உணர்த்துகிறது.

ஏனைய கோள்களும் இவ்விதிக்கு அமைந்தவையே. ஒருமுறை சுழல 243 நாட்கள் எடுக்கும் வெள்ளியிற் புடைப்பு இல்லையெனலாம். பெரிதும் வாயுவாலான சனி பத்தரை மணித்தியாலமளவிற் சுழன்றுவிடுகிறது. அதன் முனைவு விட்டம் மத்திய கோட்டு விட்டத்திலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்தது.

எனவே, கோளத்தினின்று விலகுதலைக் கோள்களின் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது. ஒன்றையொன்று எதிர்க்கும் போக்குகள் எய்திய சமநிலையே அவற்றின் உருவம். இயக்கத்தை விடுத்து அவ்வுருவத்தை விளங்கிக்கொள்ள இயலாது.