இரவை எண்ணாத செடி

ஜெர்மனியில் வசிக்கும் பதினெட்டு வயது நிறைந்த எவரும் 2024 ஏப்ரல் 1 முதல் தம் வீட்டில் ஒரே சமயத்தில் மூன்று கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். குழந்தைகளுக்கு எட்டாமல் காப்பது வளர்ப்பவரின் பொறுப்பு. நம் நாட்டில் ஒரே ஒரு செடி வைத்தாலும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. ஆகவே இது இங்கே செய்து பார்ப்பதற்கான கட்டுரை அல்ல. ஆனால் பெர்லினில் முதன்முதலாக ஒரு விதையை ஊன்றுபவருக்குப் பரிந்துரைக்கப்படும் ரகத்துக்குள் தாவரவியலின் அருமையான ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது.

'ஆட்டோஃப்ளவர்' என்ற பெயரில் விற்கும் ரகம் அது. பகல் எவ்வளவு நீளம், இரவு எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. முளைத்த மூன்று முதல் ஐந்து வாரங்களில் தானாகவே பூக்கத் தொடங்கிவிடும். புதியவர்களுக்கு ஏற்றது, சுலபமானது என்கிறார்கள் விதை விற்பவர்கள். அதில் பாதிதான் உண்மை.

சாதாரணக் கஞ்சாச் செடி கோடை முழுவதும் இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். இரவு போதிய அளவு நீண்ட பிறகுதான் பூக்கும். செடிகள் இப்படிக் காலத்தை அறிகின்றன என்ற உண்மையே முதலில் தென்பட்டது கஞ்சாவிலும் அதன் உறவுக்காரச் செடியான ஹாப்ஸிலும்தான். பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் தாவரவியலாளர், நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே வெளிச்சம் பெற்ற செடிகள் நாற்றுப் பருவத்திலேயே பூத்துவிடுவதைக் கண்டு 1912-இல் எழுதினார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதே காரணமாக இருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். முதல் உலகப் போர் அவர் உயிரைப் பறித்தது. அந்த ஆய்வும் அத்தோடு நின்றது. 1920-இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும், கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகத்தை வைத்து இதே உண்மையை நிலைநாட்டினார்கள். எனவே புகழ் அவர்களுக்குப் போயிற்று. தூர்னுவாவின் பெயரும் பாடநூல்களில் அவர்களோடு சேர்ந்து வர வேண்டும் என்பது என் விருப்பம்.

செடி அளப்பது இரவைத்தான் என்பது 1938-இல் மருளூமத்தையை வைத்து ஹாம்னர், பானர் இருவரும் செய்த சோதனையில் உறுதியானது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டாலே செடி பூக்க மறுத்தது. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டதும் உருமாறுகிறது; செடியின் உள்கடிகாரம் அந்தச் செய்தியை வைத்து இருளின் நீளத்தைக் கணிக்கிறது. வீட்டுக்குள் சாதாரணக் கஞ்சா வளர்ப்பவர்கள் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைத்த பிறகு, செடி வளர்க்கும் கூடாரத்தின் ஜிப் இடுக்கில் கசியும் தெருவிளக்கு வெளிச்சத்துக்குக்கூட அஞ்சுவது இதனால்தான்.

இரவு நீளக் காத்திருக்கும் செடிக்கும் காத்திருக்காத செடிக்கும் உள்ள வேறுபாடு டெல்டா விவசாயிக்குப் புதிதல்ல. பாரம்பரியமான நீண்ட கால சம்பா ரகங்கள் பல, முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், இரவு நீளும் பருவம் வந்த பிறகே கதிர் விடும். குறுவை ரகங்களோ விதைத்த நாளிலிருந்து கணக்கு வைத்து நூறு நாளைச் சற்றுக் கடந்ததும் அறுவடைக்கு வந்துவிடும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டையும் நெல் கண்டுகொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆட்டோஃப்ளவரைக் கஞ்சாவின் குறுவை எனலாம்.

இந்தப் பண்பு எங்கிருந்து வந்தது? தென்கிழக்கு ரஷ்யாவில், வோல்கா நதிப் பகுதியில் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் களையாக முளைத்த ஒரு குட்டைக் கஞ்சாவை 1924-இல் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் 'ருடெராலிஸ்' என்று பெயரிட்டு விவரித்தார். அது தனி இனமல்ல, ஒரே இனத்தின் ஒரு வடிவம்தான் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. அந்த அட்சரேகையில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். இரவு நீளட்டும் என்று காத்திருக்கும் செடி ஆகஸ்டில்தான் பூக்கத் தொடங்கும். விதை முற்றுவதற்குள் உறைபனி அதைக் கொன்றுவிடும். காத்திருக்காமல் பூத்த செடிகளே அங்கே சந்ததியை விட்டுச் சென்றன.

இரவைக் கணக்கிடும் வேலையில் பங்குபெறும் ஒரு மரபணுவில் நேர்ந்த பிழையே இதற்குக் காரணம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது ஒடுங்கு பண்பு. ருடெராலிஸைச் சாதாரண ரகத்தோடு கலந்தால் முதல் தலைமுறையில் இப்பண்பு வெளிப்படாது. அந்தத் தலைமுறைச் செடிகளைத் தமக்குள் கலந்து பெறும் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு செடிதான் தானாகப் பூக்கும். மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. முதல் தலைமுறையோடு மனம் தளராமல் அடுத்த தலைமுறையையும் விதைத்துப் பார்த்தவர்களால்தான் இன்றைய ரகங்கள் உருவாயின.

இனி அந்த மீதிப் பாதி உண்மை. சாதாரணச் செடியில் தவறு நேர்ந்தால் வளர்ப்பவர் அவகாசம் கொடுக்கலாம். தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறினாலும், உரம் மிகுந்து இலை நுனி கருகினாலும், இன்னும் இரண்டு வாரம் நீண்ட பகலிலேயே வைத்திருந்து தேற்றிவிட்டு அதன்பின் பூக்க விடலாம். ஆட்டோஃப்ளவரில் அந்த வசதி இல்லை. விதையிலிருந்து அறுவடை வரை அதன் ஆயுள் பெரும்பாலும் எழுபதிலிருந்து எண்பத்தைந்து நாள். இரண்டாவது வாரத்தில் வாடி நின்ற நாற்றும் நாலாவது வாரத்தில் பூத்துவிடும். சாண் உயரம்தான் இருந்தாலும் பூத்துவிடும். விளக்கை மாற்றும் தொல்லையிலிருந்து விடுதலை கொடுக்கும் அதே பண்புதான் பிழையைத் திருத்தும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

ஆகவே முதல் மூன்று வாரங்களே முக்கியம். அனுபவசாலிகள் நாற்றைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றுவதில்லை. பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் தொட்டியில் விதையை நேராக ஊன்றுகிறார்கள். பிடுங்கி நட்டால் வேர் நிலைகொள்ளச் சில நாள் வீணாகும், அந்த நாள்கள் திரும்பி வராது. மண் பொலபொலவென்று, உரம் குறைவாக இருக்க வேண்டும். தொட்டி பெரிதாக இருக்கிறதே என்று முழுவதையும் நனைத்துவிடக் கூடாது. இரண்டு இலை விட்ட நாற்றால் அவ்வளவு நீரையும் உறிஞ்ச முடியாது. ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. தண்டைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தில் மட்டும் ஊற்றி, தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்த பிறகே மறுபடி ஊற்றுவது நல்ல பழக்கம். விளக்கு நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் எரியலாம். செடி பூத்த பிறகும் குறைக்க வேண்டியதில்லை. நுனி கிள்ளிக் கிளை பெருக்குவது சாதாரணச் செடிக்கு நல்லதுதான். ஆட்டோஃப்ளவரில் புதியவர்கள் அதைத் தவிர்ப்பதே மேல்.

நாலாவது வாரத்தை ஒட்டிக் கணுக்களைக் கூர்ந்து பார்த்தால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு வெள்ளை இழைகள் எட்டிப் பார்க்கும். அதுதான் பெண் பூவின் சூல்முடி. சிறு உருண்டைகள் தெரிந்தால் அது ஆண் செடி.

பெர்லின் ஏறக்குறைய வோல்காக் கரைச் சரடோவ் நகரின் அட்சரேகையிலேயே இருக்கிறது. பெர்லினில் பால்கனியில் வைத்த சாதாரணச் செடி அக்டோபரில் முற்றும்போது குளிர்ந்த மழையும் சாம்பல் பூஞ்சணமும் சேர்ந்து வந்துவிடும். மே மாதத்தில் ஊன்றிய ஆட்டோஃப்ளவர் ஆகஸ்டு வெயில் இருக்கும்போதே அறுவடைக்கு வந்துவிடுகிறது. ஜெர்மானியர் பலர் இதை நாடுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நன்றாக வந்த ஒரு செடியிலிருந்து கொம்பு வெட்டி நட்டு இன்னொன்றைப் பெற நினைப்பவர்களும் உண்டு. சாதாரண ரகத்தில் அது எளிது. ஆட்டோஃப்ளவரிலோ வெட்டிய கொம்புக்கும் தாய்ச்செடியின் வயதுதான். வேர் பிடிப்பதற்குள் அதுவும் பூத்துவிடும். அடுத்த செடிக்கு மறுபடியும் ஒரு விதையை ஊன்றத்தான் வேண்டும்.